கம்பி வழியே வந்த கதைக்குரல்

மொழி முதலில் செவிக்குரியது. அதன் பின்னரே கண்ணுக்கும் கைக்கும் உரியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுத்தை அறியாது, ஏட்டை அறியாது. தாயின் குரலை அறியும். அக்குரலின் ஏற்ற இறக்கத்தில் அன்பையும் சினத்தையும் பிரித்தறியும். பேச்சு வருவதற்கு முன்னரே கேள்வி வந்துவிடுகிறது. கல்வியையும் கல்லாமையையும் இரண்டு அதிகாரங்களில் பேசிய வள்ளுவர், அவற்றை அடுத்து 42-ஆம் அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்தார். கற்கும் வாய்ப்பற்றவனுக்கும் கேட்கும் வாயில் திறந்தே இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

அந்த வாயிலைப் பொருளாக வைத்து வாணிகம் செய்த நிறுவனம் ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. ரெடிஃபியூஷன் என்பது அதன் பெயர். 1949-ஆம் ஆண்டு தொடங்கி 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் வரை, 60 ஆண்டுகளுக்கு மேலாக அது ஒலித்தது. அதன் வரலாறு சீன மக்களின் வீடுகளோடு மிகுதியும் பிணைந்த வரலாறு. எனினும், வீட்டில் தமிழ் குறைந்து வருவதை எண்ணிக் கவலையுறும் தமிழாசிரியர் ஒருவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அவ்வரலாற்றில் பொதிந்திருக்கிறது. அயல்வீட்டில் விளக்கு அணைந்த கதையைக் கேட்பவன், தன் வீட்டு விளக்கின் திரியை ஒரு முறை தூண்டிப் பார்ப்பான் அல்லவா?

போருக்குப் பின் பிறந்த நிலையம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து, சப்பானியர் ஆட்சி அகன்று, மலாயாவும் சிங்கப்பூரும் மெல்ல மூச்சு விடத் தொடங்கிய காலம் அது. 1946-இல் மலாயா வானொலி பணியைத் தொடங்கியது. அரசின் வானொலியான அதிலே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கு இடம் கிடைத்தது. ஆயின், வானொலி ஒலிபரப்பு இருந்தது என்பதனாலேயே வீடுதோறும் வானொலி கேட்டது என்று எண்ணிவிடலாகாது. அந்நாளில் வானொலிப் பெட்டி என்பது வெற்றிடக் குழாய்கள் பொருத்திய, கனமான, விலையுயர்ந்த பொருள். அதை வாங்கப் பணம் வேண்டும்; இயக்க மின்சாரம் வேண்டும். கம்பத்து வீடுகளில் வாழ்ந்தோருக்கும், கடைவீட்டு மாடியில் ஓர் அறையைப் பலகையால் தடுத்துக் குடியிருந்தோருக்கும் அது எட்டாக் கனியாகவே இருந்தது.

இந்த இடைவெளியைத்தான் ரெடிஃபியூஷன் கண்டுகொண்டது. 1928-இல் இங்கிலாந்தில் தோன்றிய நிறுவனம் அது. வானொலிப் பெட்டி வாங்க இயலாத வீடுகளுக்கும் அலைவாங்கி சரிவர எடுக்காத தெருக்களுக்கும் கம்பி வழியே ஒலியைக் கொண்டுசேர்ப்பது அதன் தொழில். அத்தொழிலைப் பிரிட்டிசு ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவற்றுக்கும் அது எடுத்துச் சென்றது. ஹாங்காங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் 1949-ஆம் ஆண்டிலேயே அதன் குரல் கேட்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் கிளெமன்சோ அவென்யூவில் அதன் நிலையம் அமைந்தது. சிங்கப்பூரின் முதல் கம்பிவழி வணிக வானொலி அதுவேயாகும்.

பெட்டியின் எளிமை

ரெடிஃபியூஷன் பெட்டியை வானொலிப் பெட்டி என்று சொல்வதே ஒரு வகையில் பிழை. காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அது வெறும் ஒலிபெருக்கி. நிலையத்திலே நிகழ்ச்சி பேசப்படும். பெரிய மின்பெருக்கிகள் அதற்கு வலுவூட்டும். தெருக்களின் வழியே இழுக்கப்பட்ட கம்பிகள் அதை வீட்டுச் சுவர் வரை கொண்டுவரும். சுவரில் மாட்டிய பெட்டி அதை ஒலிக்கும். ஒலிக்க வேண்டிய ஆற்றல் கம்பியோடு சேர்ந்தே வந்துவிடுவதால், வீட்டில் மின்சாரம் இல்லாவிடினும் பெட்டி பேசும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. தடத்தை மாற்ற ஒரு திருகு. நிலையம் தேடி முள்ளை நகர்த்தும் தொல்லை இல்லை. மழைக்கால இடிமின்னலின் கரகரப்பும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் தானே இயக்கக்கூடிய பெட்டி அது.

கட்டணம் மாதம் 5 வெள்ளி. பெட்டியை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கேட்கும் வரை சந்தா. வேண்டாமெனில் கம்பியைக் கழற்றிவிடலாம். சந்தாப் பணத்தோடு விளம்பர வருவாயும் நிலையத்துக்குக் கிடைத்தது. இரண்டு வருவாய்களும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. கேட்போர் மிகுந்தால் விளம்பரம் மிகும். கேட்போர் குறைந்தால் இரண்டும் குறையும். ஆகவே, கேட்பவர் மனத்தை அறிந்து நடப்பது நிலையத்துக்கு ஓர் அழகு மட்டும் அன்று. அதுவே அதன் உயிர்மூச்சு.

நிலையம் இரண்டு தடங்களில் ஒலிபரப்பியது. ‘சில்வர்’ என்னும் தடம் ஆங்கிலத்துக்கு உரியது. ‘கோல்டு’ என்னும் தடம் சீனத்துக்கு உரியது. அந்தச் சீனத் தடத்தின் கதைதான் ரெடிஃபியூஷனின் உண்மையான கதை.

வீட்டு மொழியைத் தேடிச் சென்ற வாணிகம்

‘சீனம்’ என்று ஒரு சொல்லில் அடக்கினாலும், அந்நாளைய சிங்கப்பூர்ச் சீனர் பேசியது ஒரே மொழி அன்று. ஃபூஜியன் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து வந்தோர் ஹொக்கியன் பேசினர். குவாங்தோங் மாநிலத்திலிருந்து வந்தோருள் சிலர் தியோச்சு பேசினர், சிலர் காண்டனீஸ் பேசினர். ஹைனான் தீவினருக்குத் தனிப் பேச்சு. ஹக்கா மக்களுக்குத் தனிப் பேச்சு. எழுத்து ஒன்றாயினும் பேச்சு ஒன்றன்று. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காத அளவுக்கு இக்கிளைமொழிகள் தம்முள் வேறுபட்டவை.

1957-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. தம் தாய்மொழி ஹொக்கியன் என்றோர் 30 விழுக்காட்டினர். தியோச்சு என்றோர் 17 விழுக்காட்டினர். காண்டனீஸ் என்றோர் 15 விழுக்காட்டினர். தமிழ் என்றோர் 5.2 விழுக்காட்டினர். பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட பொதுச் சீனமாகிய மாண்டரின் தம் தாய்மொழி என்றோர் 0.1 விழுக்காட்டினர் மட்டுமே! பள்ளியின் மொழி ஒன்றாகவும் அடுக்களையின் மொழி வேறாகவும் இருந்த நிலையை இந்த எண் ஒன்றே எடுத்துரைக்கும்.

ரெடிஃபியூஷன் அடுக்களையின் மொழியைத் தேர்ந்தெடுத்தது. மாண்டரின் நாடகங்களும் பாடல்களும் அதில் இருந்தன. அவற்றுக்கும் அன்பர்கள் இருந்தனர். ஆயினும், மாதம் 5 வெள்ளி கொடுக்கும் குடும்பத் தலைவியும், காப்பிக்கடையில் பெட்டியைத் தொங்கவிட்டு வாடிக்கையாளரை ஈர்த்த கடைக்காரரும் பெரிதும் விரும்பியது தத்தம் வீட்டுப் பேச்சில் வந்த கதைகளையே. எந்த மொழி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்னும் ஆராய்ச்சி வாணிகத்துக்கு இல்லை. எம்மொழியில் சொன்னால் மக்கள் காது கொடுப்பார்கள் என்பதே அதன் கேள்வி. அந்தக் கேள்வி தன்னலத்திற் பிறந்ததுதான். எனினும், மக்கள் மொழிக்கு அது செய்த தொண்டு மெய்யானது.

கதை சொன்ன பெருமக்கள்

இந்நிலையத்தின் புகழுக்கு அடித்தளம் இட்டவர்கள் கதைசொல்லிகள். காண்டனீசில் லீ டாய் சோர், ஹொக்கியனில் ஓங் தோ, தியோச்சுவில் இங் சியா கெங் ஆகியோரின் குரல்களை அறியாத சீனக் குடும்பம் அந்நாளில் அரிது. ‘டாய் சோர்’ என்பது புனைபெயர். ‘பெரிய அசடன்’ என்பது அதன் பொருள். தம்மை அசடன் என்று அழைத்துக்கொண்டவரின் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக ஊரே காத்திருந்தது. மூன்று நாடுகளின் வீரக்கதை, குரங்கரசன் துணைவரத் துறவி மேற்கே சென்ற கதை, மலைக்காட்டு வீரர்களின் கதை, வாட்போர்ப் புதினங்கள் என்று பழையனவும் புதியனவும் அவர்கள் நாவில் உயிர்பெற்றன.

இக்கலை வானொலியிற் பிறந்தது அன்று. அதற்கு முன்னரே சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அது வாழ்ந்தது. மாலைப் பொழுதில், படகுகளில் மூட்டை சுமந்து களைத்த கூலியாட்கள் கதைசொல்லியைச் சூழ்ந்து அமர்வர். அவர் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துக் கதையைத் தொடங்குவார். வத்தி எரிந்து முடியும் வேளையில் கதை ஒரு திருப்பத்தில் நிற்கும். காசு விழும், அடுத்த வத்தி எரியும், கதை தொடரும். ரெடிஃபியூஷன் அந்த ஊதுவத்தியின் இடத்தில் கடிகாரத்தை வைத்தது. விழும் காசின் இடத்தில் சந்தாவை வைத்தது. நாளை இதே நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும் என்னும் ஏக்கத்தை மட்டும் மாற்றவில்லை.

தமிழர் இதனை எளிதில் உணர்வர். இரவெல்லாம் விழித்திருந்து பாரதக் கூத்துப் பார்த்த இனம். கதாகாலட்சேபம் கேட்டுக் கண் கலங்கிய இனம். தோட்டப்புறத்து லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்ட இனம். கேட்பவர் பள்ளிக்கூட வாயிலை மிதியாதவராக இருக்கலாம். ஆனால், வழக்கில் இல்லாத பழஞ்சொல்லும் பழமொழியும் உவமையும் அறநெறியும் அவர் செவி வழியே நெஞ்சில் இறங்கின. ஹொக்கியன் மூதாட்டிக்கு ரெடிஃபியூஷன் செய்த பணியும் இதுவே. அது விற்ற பண்டம் பொழுதுபோக்கு. ஆயின் கேட்டவர் பெற்றது மொழிக்கல்வி. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் தம் மொழியின் இலக்கியச் சுவையை உண்டார். அவர் மடியிற் படுத்திருந்த பேரப்பிள்ளை, கதையின் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், பாட்டியின் மொழியைப் பாட்டியின் வீட்டிலேயே கற்றது.

தமிழ் பெற்ற காப்பு

அதே காலத்தில் தமிழின் நிலை வேறு வகையானது. சிங்கப்பூரில் தமிழர் தொகை சிறிது. வணிக நோக்கில் பார்த்தால் ஹொக்கியனுக்கு இருந்த சந்தை தமிழுக்கு இல்லை. அதனால் தமிழ் பெரிதும் நாடியிருந்தது அரசின் வானொலியையே. தமிழ்ச் செய்தி, தமிழிசை, தமிழ் நாடகம், நேயர் விருப்பம் ஆகியவை அங்கே இடம்பெற்றன. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாக நிலைபெற்றன.

அந்த நிலை தானாக வந்ததன்று. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றோர் பல்லாண்டுகள் உழைத்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, 1950-களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதை அளித்தனர். அவர்கள் நட்ட மரத்தின் நிழலில்தான் பின்வந்தோர் அமர்ந்திருக்கின்றனர்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு வகையான மொழிவாழ்வு இருந்தது. ஹொக்கியனுக்கும் தியோச்சுவுக்கும் காண்டனீசுக்கும் வீடு இருந்தது, தெரு இருந்தது, காப்பிக்கடை இருந்தது, கம்பியில் வரும் கதை இருந்தது. சட்டத்தின் காப்பு இல்லை; பாடநூல் இல்லை; தேர்வு இல்லை. தமிழுக்குச் சட்டத்தின் காப்பு இருந்தது, பாடநூல் இருந்தது, தேர்வும் இருந்தது. அன்று தமிழுக்கு வீடும் இருந்தது.

மொழிக்கொள்கையும் மௌனமும்

1970-களின் இறுதியில் காற்றுத் திசை மாறியது. சிங்கப்பூரின் கல்வி முறையை ஆராய்ந்து கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979-இல் அளித்த அறிக்கை, ஆசிரியர்கள் அன்றாடம் கண்டுவந்த ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறியது. பள்ளியில் கற்பிக்கப்பட்ட ஆங்கிலமும் மாண்டரினும், மாணவருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரின் வீட்டில் பேசப்படாத மொழிகள். அயல்மொழி இரண்டைச் சுமந்துகொண்டு சிறுவர் தடுமாறினர். பலர் இடையிலேயே படிப்பை விட்டனர். இச்சுமையைக் குறைக்க வேண்டும் என்பதும், ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காத சீன மக்களை ஒரு பொதுமொழியால் இணைக்க வேண்டும் என்பதும் அரசின் எண்ணம். 1979-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், அப்போதைய பிரதமர் லீ குவான் யூ மாண்டரின் பேசுவோம் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மாண்டரினை மிகுதியாகப் பேசுக, கிளைமொழியைக் குறைத்திடுக என்பது அதன் வேண்டுகோள்.

இக்கொள்கையை ஒருபக்கமாக நின்று பழிப்பது நேர்மையாகாது. வகுப்பறையில் தடுமாறும் பிள்ளையைக் கண்ட ஆசிரியர் எவரும் அதன் காரணத்தை விளங்கிக்கொள்வர். கொள்கை தன் குறிக்கோளில் வெற்றியும் கண்டது. மாண்டரின் ஒரு தலைமுறைக்குள் சீன வீடுகளில் வேரூன்றியது. ஆயின், ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. இங்கே விலை கொடுத்தவர்கள் வகுப்பறையில் இல்லாதவர்கள்.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்தன. ரெடிஃபியூஷனும் அந்த நெறிக்கு உட்பட்டது. லீ டாய் சோரின் காண்டனீஸ் கதை ஓய்ந்தது; ஓங் தோவின் ஹொக்கியன் கதையும் இங் சியா கெங்கின் தியோச்சுக் கதையும் ஓய்ந்தன. பெட்டி சுவரிலேயே இருந்தது; கம்பி அறுபடவில்லை. ஆனால், அதிலிருந்து வந்த குரல் மூதாட்டிக்கு விளங்காத குரலாயிற்று. அறுபது வயதில் அவர் புதுமொழி கற்க வேண்டும். இன்றேல் தம் வீட்டுப் பெட்டியின் முன்னே செவிடராக அமர வேண்டும். பேரப்பிள்ளை மாண்டரினும் ஆங்கிலமும் கற்று முன்னேறியது. பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே இருந்த கதை மட்டும் காணாமற் போயிற்று.

கம்பி அறுந்த காரணம்

ஒரு காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரரைப் பெற்றிருந்த நிலையம், பின்னர் ஏன் தேய்ந்தது? புதிய கருவிகள் வந்தன. பழைய பெட்டி தோற்றது என்பது எளிதாகக் கிடைக்கும் விடை. அவ்விடையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி 1960-களிலேயே பரவிவிட்டது. அதற்குச் சந்தா இல்லை; எங்கும் எடுத்துச் செல்லலாம். 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. கேட்பதோடு பார்க்கவும் முடிந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் பெயர்ந்தபோது மின்சாரமும் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கருவியின் போட்டி மட்டுமே காரணமாயின், ரெடிஃபியூஷன் 1960-களிலேயே மடிந்திருக்க வேண்டும். அது மடியவில்லை. டிரான்சிஸ்டரையும் தொலைக்காட்சியையும் தாங்கி நின்றது. ஏன்? வேறெங்கும் கிடைக்காத ஒன்று அதனிடம் இருந்தது. அந்த ஒன்றுக்காகவே மாதந்தோறும் மக்கள் பணம் கொடுத்தனர்.

அந்த ஒன்று போன பிறகு, மாண்டரின் பாடலுக்கும் ஆங்கிலப் பாடலுக்கும் கட்டணம் கொடுத்துக் கேட்க வேண்டிய தேவை என்ன? 1980-களின் இறுதியிலிருந்து 24 மணி நேரப் பண்பலை நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. அவை கட்டணமின்றி ஒலித்தன. அப்போட்டியின் முன்னே ரெடிஃபியூஷன் நிற்கத் தடுமாறியது. கம்பியை விட்டு எண்முறை ஒலிபரப்புக்கும் மாறிப் பார்த்தது. இழந்த செவிகள் திரும்பவில்லை. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாளோடு ஒலிபரப்பு நின்றது. மறு ஆண்டில் அப்பெயர் இணையத்தில் மீண்டும் தோன்றியது. எனினும் சுவரிலே தொங்கிய பெட்டியின் காலம் முடிந்துவிட்டது.

மலேசியாவில் அதன் பாதை சற்றே வேறுபட்டது. அங்கே நிறுவனம் 1990-களில் பண்பலைக்கு மாறியது. இன்று 988 என்னும் எண்ணால் அறியப்படும் சீன நிலையம் அதன் வழித்தோன்றலாகும். ஒரு வேரிலிருந்து கிளைத்த இரண்டு கொம்புகளில் ஒன்று பட்டுப்போக, மற்றொன்று வேறு பெயரில் தழைத்தது.

திரும்பி வந்த குரல்

காலம் சில வேளைகளில் நகைச்சுவை உணர்வோடு நடந்துகொள்கிறது. 2016-இல் சிங்கப்பூரின் சீனத் தொலைக்காட்சியில் ஹொக்கியன் மொழித் தொடர் ஒன்று ஒளிபரப்பாயிற்று. ‘சாப்பிட்டாயிற்றா?’ என்னும் பொருளுடையது அதன் பெயர். மூத்தோருக்கு அரசு வழங்கும் உதவிகளையும் உடல்நலச் செய்திகளையும் கதை வடிவில் எடுத்துச் சொல்வதே அதன் நோக்கம். சுற்றறிக்கைகளும் மாண்டரின் அறிவிப்புகளும் எட்டாத செவிகளுக்கு, அவர்தம் தாய்ப்பேச்சில், கதையாகச் சொன்னால்தான் எட்டும் என்பது உணரப்பட்டது. ஆற்றங்கரைக் கதைசொல்லி அறிந்திருந்த உண்மை. ரெடிஃபியூஷன் 1949-இல் கண்டுகொண்ட உண்மை. அதுவே மீண்டும் உண்மையாயிற்று.

ஆனால், அக்குரல் திரும்பி வந்தது முதியோரைத் தேடித்தான். இளையோரிடம் அம்மொழி பெரிதும் இல்லை. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி சீனக் கிளைமொழி என்று கூறியோர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 14.3 விழுக்காட்டினர், 2020-இல் 8.7 விழுக்காட்டினர். ஊரின் பெருவழக்காக இருந்த பேச்சு இன்று ஒற்றை இலக்கமாகச் சுருங்கிவிட்டது. எந்த மாண்டரினுக்காகக் கிளைமொழி வழிவிட்டதோ, அந்த மாண்டரினும் இதே பத்தாண்டில் 35.6 விழுக்காட்டிலிருந்து 29.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. ஒருமுறை தன் பேச்சை மாற்றிக்கொள்ளப் பழகிய வீடு, மறுமுறையும் எளிதில் மாற்றிக்கொள்கிறது போலும்!

தமிழாசிரியர் முன்னுள்ள வினா

அதே கணக்கெடுப்புகளில் தமிழுக்குரிய எண்களும் உள்ளன. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் 2010-இல் 3.3 விழுக்காட்டினர்; 2020-இல் 2.5 விழுக்காட்டினர். இச்சிறு எண்ணில் குறைந்தது ஒரு விழுக்காட்டுக்கும் கீழ்தானே என்று ஆறுதல் கொள்வது அறியாமை. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றேறக்குறைய உருகிவிட்டது என்பதே அதன் பொருள்.

கிளைமொழிகளின் கதையையும் தமிழின் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. சட்டத்தின் காப்பு இல்லாத மொழிகள், வீட்டையும் கதையையும் பற்றிக்கொண்டு தலைமுறைகளாகத் தழைத்தன. வீட்டிலிருந்தும் கதையிலிருந்தும் பிரிக்கப்பட்டபோது அவை ஒரே தலைமுறையில் வாடின. தமிழுக்கோ அரசின் காப்பு உண்டு. பள்ளியில் இடம் உண்டு. பெயர்ப்பலகையில் இடம் உண்டு. சிங்கப்பூரில் ‘ஒலி 96.8’ தமிழில் பேசுகிறது. மலேசியாவில் அரசின் ‘மின்னல்’ வானொலியும் தனியாரின் ‘ராகா’வும் ஒலிக்கின்றன. இவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், காப்பு என்பது வேலி. வேலி பயிரைக் காக்கும், பயிராகாது. வேலிக்குள்ளே விதைப்பதும் நீர் வார்ப்பதும் வீட்டாரின் கடன். எவரும் தடை செய்யாத நிலையிலும் ஒரு மொழி வீட்டை விட்டு வெளியேறக்கூடும். கிளைமொழிகளை அழைத்துச் சென்றது ஓர் இயக்கம். தமிழ் வெளியேறினால் அதற்கு எந்த இயக்கத்தையும் காரணம் காட்ட இயலாது.

பள்ளி இதற்கு என் செய்யும்? வாரத்தில் சில பாடவேளைகளே தமிழாசிரியரின் கையில் இருக்கின்றன. அவ்வேளைகளிலும் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் தேர்வுப் பயிற்சிக்குமே பெரும்பங்கு போய்விடுகிறது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழித்திறன் நான்கனை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரிசைப்படுத்திக் கற்பிக்கின்றனர். வரிசையில் முதலில் நிற்கும் கேட்டலே வகுப்பறையில் கடைசியில் நிற்கிறது. கேட்டல் தேர்வு உண்டு. கேட்டலின் இன்பம் இல்லை. விடைத்தாளில் குறியிடுவதற்காக ஒலிநாடாவைக் கேட்ட பிள்ளைகள் பலர். அடுத்து என்ன நடக்கும் என்று அறியும் ஆவலால் தமிழைக் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

ரெடிஃபியூஷனின் கதைசொல்லிகள் விட்டுச்சென்ற பாடம் இங்கேதான் பயன்படுகிறது. அவர்கள் மொழியைக் காக்க வாருங்கள் என்று எவரையும் அழைக்கவில்லை. மொழியின் பெருமையைப் பறைசாற்றவும் இல்லை. நல்ல கதையை நல்ல குரலில் நாள்தோறும் குறித்த நேரத்தில் சொன்னார்கள், திருப்பத்தில் நிறுத்தினார்கள். கேட்டவர் மறுநாள் தாமே வந்தனர். தமிழ் வகுப்பின் இறுதிப் பத்து நிமிடங்களில் ஆசிரியர் ஒருவர் ஒரு தொடர்கதையை வாய்மொழியாகச் சொல்லி, கதைத்தலைவன் ஆற்றில் குதித்த இடத்தில் நிறுத்திவிட்டு மணியடித்ததும் வெளியேறட்டும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், “அவன் பிழைத்தானா, இல்லையா?” என்று பாட்டியைக் கேட்கும். பாட்டி தமிழில் விடை சொல்வார். அந்த ஒரு வினாவும் விடையும், பத்துக் கட்டுரைப் பயிற்சிகள் செய்யாத பணியைச் செய்துவிடும்.

பெற்றோர்க்கும் இதிற் பங்குண்டு. தமிழ் நிகழ்ச்சி ஒலிக்கும் வேளையில் ஒலியைக் குறைத்துவிட்டுப் பிள்ளையின் பாடநூலைத் திறக்கச் சொல்லும் வீடுகள் உள்ளன. கேட்பதும் பாடமே என்பதை அவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். உணவு மேசையில் பாட்டனார் தம் இளமைக்கால இரப்பர்த் தோட்டத்தைப் பற்றியோ துறைமுக வேலையைப் பற்றியோ பேசத் தொடங்கினால், “மறுபடியும் பழங்கதையா?” என்று முகம் சுளிக்காமல் பிள்ளைகளை அருகில் அமர்த்துவது போதும். சந்தாக் கட்டணம் வேண்டாத நிலையம் அது. ஆனால், ஒலிபரப்பு நேரம் மிகக் குறுகியது. நின்றுவிட்டால் மீண்டும் தொடங்காதது.

ரெடிஃபியூஷன் ஒரு வாணிக நிறுவனம். அதற்கு எம்மொழி மீதும் தனிப்பற்று இருந்ததில்லை. செவிகள் இருந்த வரை அது பேசியது. செவிகள் குறைந்தபோது ஓய்ந்தது. ஒவ்வொரு வானொலியும், ஒவ்வோர் இதழும், ஏன், ஒவ்வொரு மொழியும் இறுதியில் அந்தக் கணக்குக்கே உட்பட்டது. பேச ஆள் இல்லாமல் மொழிகள் தேய்வதாகப் பலரும் கூறுவர். உண்மையில், கேட்க ஆள் இல்லாதபோதே பேசுபவர் வாய் மூடிக்கொள்கிறார். தமிழைக் கேட்கும் செவிகளை ஆக்கித் தருவதே தமிழாசிரியரின் முதற்பணி. அச்செவிகள் இருக்கும் வரை, பேசும் வாய்க்கும் எழுதும் கைக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும்.